இணைய வழிப் பதிவேடுகளின் ஒத்திசைவு: ஒரு விமர்சனம்

இணையத்தில் எந்த முகவரித் தொகுதியை எந்த வலையமைப்பு அறிவிக்கலாம், எந்த வலையமைப்பு எதற்கு வழி விடுகிறது என்பவற்றை வலையமைப்பு நடத்துவோர் தாமே எழுதி வைக்கும் பொதுத் தரவுத்தளம் இணைய வழிப் பதிவேடு எனப்படும். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு இதனை ஐஆர்ஆர் என்று அழைப்பர். பெயர் ஒருமையில் இருந்தாலும் இது ஒரே பதிவேடு அன்று. ஐரோப்பாவின் ரைப், ஆசிய பசிபிக் பகுதியின் ஏப்னிக், வட அமெரிக்காவின் ஆரின் ஆகிய முகவரிப் பதிவகங்கள் ஒவ்வொன்றும் தனிப் பதிவேடு நடத்துகின்றன. அமெரிக்காவின் மெரிட் நிறுவனம் நடத்தும் ஆர்ஏடிபி, தன்னார்வலர்கள் நடத்தும் ஆல்ட்டிபி, என்டிடி போன்ற பெரிய நிறுவனங்களின் சொந்தப் பதிவேடுகள் என மொத்தம் இருபதையொட்டிய பதிவேடுகள் உள்ளன. இவை ஒன்றையொன்று பிரதியெடுத்துக்கொள்கின்றன. ஓரிடத்தில் கேட்டால் எல்லா இடத்துப் பதிவுகளும் கிடைக்கின்றன.

இப்பிரதிகள் எப்படி ஒத்திசைக்கப்படுகின்றன, அந்த முறை எதைக் காக்கிறது, எதைக் கைவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். பதிவேடுகளின் குறைகளைப் பேசுவோர் பெரும்பாலும் "பதிவுகள் பழையவை, பிரதிகள் தாமதமாகின்றன" என்று சொல்வதோடு நின்றுவிடுகின்றனர். தாமதம் சிறிய குறை. தான் வைத்திருப்பது அசலோடு ஒத்துள்ளதா என்று பிரதி அறிய வழியில்லாததும், அசலில் உள்ளதை எழுதியவருக்கு அதற்கு உரிமை இருந்ததா என்று கேட்க இடமில்லாததுமே பெரிய குறைகள். முதற்குறைக்கு இப்போது மருந்து வந்துள்ளது. இரண்டாவதற்கு அரைகுறையாகவே வந்துள்ளது.

== பதிவேடு ஏன் தேவைப்பட்டது ==

இணையம் பல்லாயிரம் தன்னாட்சி வலையமைப்புகளின் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அதனை ஏஎஸ் எண் என்பர். "இந்த முகவரித் தொகுதி என்னிடம் உள்ளது" என்று ஒரு வலையமைப்பு அண்டை வலையமைப்புகளுக்கு அறிவிக்கும். அவை தம் அண்டைகளுக்குச் சொல்லும். இந்த அறிவிப்பு நெறிமுறை பிஜிபி. சொல்பவர் உண்மையைச் சொல்கிறாரா என்று சோதிக்கும் ஏற்பாடு அந்நெறிமுறைக்குள் இல்லை.

1997 ஏப்ரல் 25 அன்று ஏஎஸ் 7007 என்ற எண்ணைக் கொண்ட அமெரிக்க வலையமைப்பின் திசைவி ஒன்று, தான் பிறரிடமிருந்து கற்றுக்கொண்ட வழிகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அவை அனைத்தும் தன்னிடமே இருப்பதாக அறிவித்தது. பிஜிபி முறையில் சிறிய தொகுதிக்கே முன்னுரிமை. எனவே இணையத்தின் பெரும்பகுதிப் போக்குவரத்து அந்த ஒரு திசைவியை நோக்கித் திரும்பியது. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் யூடியூப்பைத் தன் நாட்டுக்குள் தடுக்க 208.65.153.0/24 என்ற தொகுதிக்குப் போலி வழி ஒன்றை ஏற்படுத்தியது. அது எல்லை தாண்டி அதன் மேல்நிலை வலையமைப்புக்குக் கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22 என்ற பெரிய தொகுதி. எனவே சிறியது வென்றது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் கிடைக்கவில்லை.

இரண்டிலும் கேள்வி ஒன்றே: மேலே இருந்த வலையமைப்பு தன் வாடிக்கையாளரின் அறிவிப்பை ஏன் அப்படியே ஏற்றது? வாடிக்கையாளர் எந்தெந்தத் தொகுதிகளை அறிவிக்கலாம் என்ற பட்டியல் அதனிடம் இருந்திருந்தால், மீதியைத் தள்ளியிருக்கலாம். அந்தப் பட்டியலைத் தருவதற்காகவே வழிப் பதிவேடு.

இப்பதிவேடு அந்த விபத்துகளுக்கும் முந்தியது. அமெரிக்க அறிவியல் அறக்கட்டளையின் என்எஸ்எஃப்நெட் முதுகெலும்பு வலையமைப்பு இயங்கிய காலத்தில் மெரிட் நிறுவனம் ஒரே ஒரு கொள்கைத் தரவுத்தளத்தை வைத்திருந்தது. முதுகெலும்பு ஒன்று, பட்டியல் ஒன்று, அதைத் திசைவிகளில் ஏற்றுபவரும் ஒருவர். ஒத்திசைவு என்ற சிக்கலே அங்கு எழவில்லை. 1995 ஏப்ரலில் அந்த முதுகெலும்பு மூடப்பட்டு வணிக வலையமைப்புகள் அதன் இடத்தைப் பிடித்தபோது பட்டியலும் சிதறியது. தொடக்கத்தில் ஆர்ஏடிபி, ரைப், எம்சிஐ, ஏஎன்எஸ், கனடாவின் சிஏநெட் என ஐந்து பதிவேடுகள் இருந்தன. ஐந்து பேர் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். இன்றும் பயன்பாட்டில் உள்ள பிரதியெடுப்பு முறை அந்த நம்பிக்கைச் சூழலில் பிறந்தது என்பதை மறந்தால் அதன் வடிவம் புரியாது.

== ஒரு பதிவு வடிகட்டியாகும் பாதை ==

பதிவு எழுதப்படும் மொழி ஆர்பிஎஸ்எல். 1999 ஜூனில் வெளிவந்த ஆர்எஃப்சி 2622 இதனை வரையறுக்கிறது. இம்மொழியில் வலையமைப்புகளின் கொள்கைகளை மிக நுணுக்கமாக எழுத இயலும். நடைமுறையில் அதில் பெரும்பகுதி பயன்படவில்லை. இரண்டு வகைப் பதிவுகளே உழைக்கின்றன. ஒன்று வழிப் பதிவு: "192.0.2.0/24 என்ற தொகுதியை ஏஎஸ் 64500 அறிவிக்கும்" என்பது போன்ற வரி. மற்றது குழுப் பதிவு: "என் வாடிக்கையாளர்கள் இந்த எண்களுக்கு உரியவர்கள்" என்ற பட்டியல். குழுவுக்குள் குழு இருக்கலாம்.

மேல்நிலை வலையமைப்பு தன் வாடிக்கையாளரின் குழுப் பெயரை பிஜிபிக்யூ4 போன்ற கருவியிடம் கொடுக்கும். கருவி ஒரு பதிவேட்டு வழங்கியைக் கேட்டு, குழுவை விரித்து, எண்களைத் திரட்டி, ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய தொகுதிகளைப் பெற்று, திசைவிக்கான வடிகட்டியை எழுதித் தரும். பலர் இதனை இரவில் ஒரு முறை தானாக ஓட விடுகின்றனர்.

இங்கே கவனிக்க வேண்டியது, கருவி கேட்கும் வழங்கி எது என்பது. பிஜிபிக்யூ4 இயல்பாகக் கேட்பது என்டிடி நடத்தும் வழங்கியை. ரைப் பதிவேட்டில் எழுதப்பட்ட பதிவை அது ரைப்பிடம் கேட்பதில்லை. என்டிடியிடம் உள்ள ரைப் பிரதியிடம் கேட்கிறது. ஆக, தன் பதிவைத் திருத்திய ஒரு சிறு நிறுவனத்துக்கும் அதன் அறிவிப்பை ஏற்கும் தொலைதூரத் திசைவிக்கும் இடையே குறைந்தது மூன்று கைமாற்றங்கள் உள்ளன: அசலிலிருந்து பிரதிக்கு, பிரதியிலிருந்து வடிகட்டிக்கு, வடிகட்டியிலிருந்து திசைவிக்கு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கால அட்டவணை. எதற்கும் அடுத்தது எப்போது நடக்கும் என்று தெரியாது.

நம் ஊரில் நிலம் வாங்கியவர்களுக்கு இது புதிதாக இராது. பத்திரம் பதிவாகிவிடும், பட்டாவில் பழைய பெயரே இருக்கும். இரண்டும் அரசு ஆவணங்களே. வங்கி எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தே கடன்.

== பிரதியெடுக்கும் முறை ==

பிரதியெடுப்புக்கு இன்றும் பரவலாகப் பயன்படுவது என்ஆர்டிஎம் மூன்றாம் பதிப்பு. "ஏறத்தாழ உடனுக்குடன் பிரதியெடுத்தல்" என்பது அப்பெயரின் பொருள். முறை எளியது. அசல் பதிவேட்டில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை எண் தரப்படும். பிரதி எடுப்பவர் முதலில் பதிவேட்டின் முழு நகலையும் அது எந்த வரிசை எண் வரை சரி என்பதையும் கோப்பாகப் பதிவிறக்குவார். பிறகு சில நிமிடங்களுக்கு ஒரு முறை "இந்த எண்ணிலிருந்து கடைசி வரை தருக" என்று கேட்பார். விடையாக வருபவை இரண்டே வகை: சேர், நீக்கு. திருத்தம் என்று தனியாக ஒன்று இல்லை; அதே பெயருடைய பதிவைச் சேர்த்தால் பழையதன் மேல் புதியது எழுதப்படும்.

இந்த எளிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு மாணவர் ஒரு மாலையில் இதற்கு ஒரு நிரல் எழுதிவிடலாம். நெறிமுறை நீடித்ததற்கு அதுவே காரணம். ஆனால் அதில் இல்லாதவை எவை என்று பார்க்கும்போதே அதன் விலை தெரிகிறது.

முதலாவது, மறைகுறியாக்கமோ கையொப்பமோ இல்லை. பதிவுகள் வெற்று உரையாக வருகின்றன. நடுவில் ஒருவர் மாற்றினால் பிரதி எடுப்பவருக்குத் தெரியாது. உலகின் வழிகளைப் பாதுகாக்கும் தரவு பாதுகாப்பற்ற வழியில் வருகிறது என்பது நகைமுரண். இணையத்தில் எதையும் வழிமாற்ற வல்ல ஒருவர், வழிமாற்றத்தைத் தடுக்க வேண்டிய தரவையும் வழிமாற்றலாம்.

இரண்டாவது, எண்ணிக்கை. மூன்றாம் பதிப்பில் வரிசை எண்களுக்கு இடையே இடைவெளி இருப்பது தவறன்று. 1001, 1002, 1005 என்று வந்தால் நடுவில் இரண்டு மாற்றங்கள் தொலைந்தனவா, அல்லது பிறருக்குக் காட்டக் கூடாதவை என்று அசல் அவற்றை விட்டுவிட்டதா என்று பிரதியால் பிரித்தறிய முடியாது. ஒரு பொட்டலத்தில் பத்துப் புத்தகம் இருக்கும் என்று சொல்லாமல் அனுப்பினால் எட்டு வந்தாலும் கணக்குச் சரியே.

மூன்றாவது, அடையாளம். அசல் பதிவேடு வன்பொருள் பழுதாலோ மென்பொருள் மாற்றத்தாலோ புதிதாக எழுப்பப்பட்டு எண்கள் மீண்டும் தொடங்கினால், அதைச் சொல்லும் வழி நெறிமுறையில் இல்லை. பிரதி பழைய எண்ணை வைத்துக்கொண்டு, அசல் அந்த எண்ணை எட்டும்வரை "புதிதாக எதுவும் இல்லை" என்று காத்திருக்கும். பிழைச் செய்தி வராது. எச்சரிக்கை விளக்கு எரியாது.

நான்காவது, பிந்திவிட்டவருக்கு இடமில்லை. அசல் தன் மாற்றப் பட்டியலை எப்போதைக்கும் வைத்திருக்காது. பிரதி நெடுநாள் அணைந்திருந்து மீண்டால், கேட்கும் எண் பட்டியலில் இராது. அப்போது யாரேனும் கையால் முழு நகலை மீண்டும் இறக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் விடுப்பில் இருக்கலாம். அந்தப் பிரதியை அமைத்தவர் வேலையை விட்டே போயிருக்கலாம். பிரதி மட்டும் பழைய விடைகளை நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டிருக்கும்.

== நீக்கமே பலவீனம் ==

சேர்க்க வேண்டியது சேராவிட்டால் யாரோ ஒருவர் கத்துவார். புதிய தொகுதியை வாங்கிய நிறுவனத்தின் அறிவிப்பை மேல்நிலை வலையமைப்பு ஏற்காது, அதன் வாடிக்கையாளர்களுக்கு இணையம் கிடைக்காது, தொலைபேசி அடிக்கும், ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ தவறு கண்டுபிடிக்கப்படும். சிறு நிறுவனத்துக்கு அந்த இரண்டு நாள் உயிர்ப் பிரச்சினைதான். ஆனாலும் தவறு வெளியே தெரிகிறது.

நீக்க வேண்டியது நீங்காவிட்டால் யாரும் கத்துவதில்லை. ஒரு நிறுவனம் தன் முகவரித் தொகுதியை விற்றுவிடுகிறது என்று கொள்வோம். வாங்கியவர் தம் பெயரில் புதுப் பதிவு செய்கிறார். பழைய பதிவு ஏதோ ஒரு பிரதியில் கிடக்கிறது. எல்லாம் இயங்குகிறது. பழைய உரிமையாளரின் எண்ணில் அத்தொகுதியை அறிவித்தாலும் வடிகட்டி ஏற்கும் என்பது மட்டும் மாறவில்லை. திறந்து கிடக்கும் பின்கதவு அது. காற்று வராத வரை வீட்டாருக்குத் தெரியாது.

பதிவேடுகள் ஆண்டுக்காண்டு பருத்ததற்கு இந்தச் சமனின்மையே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. சேர்க்கத் தூண்டுதல் உண்டு, நீக்க இல்லை. தன் வழி எங்கேனும் தடைபடுமோ என்ற அச்சத்தில் ஒரே தொகுதியை இரண்டு மூன்று பதிவேடுகளில் எழுதி வைப்போர் உண்டு. வாடிக்கையாளரின் சார்பில் இணைப்பு வழங்குநர் எழுதிய பதிவுகள், வாடிக்கையாளர் போன பின்னும் நிற்கின்றன. ஓரிடத்தில் நீக்கியவர் மற்ற இரண்டை மறந்துவிடுகிறார். பதிவேடுகளுக்கு இடையிலான ஒத்திசைவு இதைச் சரிசெய்யாது. ஏனெனில் அது ஒரு பதிவேட்டின் நகலை அசலோடு ஒப்பாக வைக்குமே தவிர, ஒரே பொருளைப் பற்றி இரண்டு பதிவேடுகள் சொல்வதை ஒப்பிடாது. "ஒத்திசைவு" என்ற சொல்லே இங்கு வாசகரை ஏமாற்றுகிறது. நகல்களுக்குள் இசைவு உண்டு, பதிவேடுகளுக்குள் இல்லை.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்தோரும் பிறரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அளவு தருகிறது. 2021 நவம்பர் முதல் 2023 மே வரை மிகப்பெரிய பதிவேடான ஆர்ஏடிபியில் இருந்த 15,42,724 வழிப் பதிவுகளைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டதில் 34,199 முரண்பட்டிருந்தன. அவற்றில் 6,373 ஐயத்துக்குரியவை என்று ஆய்வாளர்கள் பிரித்தனர். நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேல் என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் திருடனுக்கு ஆயிரம் கதவுகள் திறந்திருக்க வேண்டியதில்லை.

== பொய்யும் ஒழுங்காகப் பிரதியாகும் ==

2022 ஆகஸ்ட் 17 அன்று செலர் பிரிட்ஜ் என்ற மின்பணப் பரிமாற்றத் தளத்தின் பயனர்கள் சிலர் போலிப் பக்கத்துக்குத் திருப்பப்பட்டுச் சுமார் 2,35,000 அமெரிக்க டாலர் மதிப்பிலான மின்பணத்தை இழந்தனர். அத்தளம் அமேசானின் முகவரிகளில் இயங்கியது. தாக்கியவர்கள் அமேசானின் பெருந்தொகுதிக்குள் அடங்கிய 44.235.216.0/24 என்ற சிறு தொகுதியை, பிரிட்டனில் உள்ள ஒரு சிறு வலையமைப்பின் வழியாக அறிவித்தனர். அதற்கு முன்பே ஆல்ட்டிபி பதிவேட்டில் பொய்ப் பதிவுகளைச் செருகி, அமேசானின் எண் அந்தச் சிறு வலையமைப்பின் வாடிக்கையாளர் போலத் தோன்றச் செய்திருந்தனர். மேல்நிலை வலையமைப்பின் வடிகட்டி பதிவேட்டைப் பார்த்தது, பதிவு இருந்தது, அறிவிப்பை ஏற்றது.

இந்நிகழ்வில் எந்த நெறிமுறையும் தவறவில்லை. பதிவேடு கேட்டதை ஏற்றுக்கொண்டது; கருவி படித்தது; வடிகட்டி கீழ்ப்படிந்தது. ஆல்ட்டிபியின் பதிவுகள் பிற வழங்கிகளில் பிரதியெடுக்கப்படுபவை. அப்பிரதிகள் பொய்யையும் மெய்யையும் ஒரே நேர்மையோடு சுமக்கும். பிரதியெடுப்பு எவ்வளவு விரைவாகவும் பழுதின்றியும் நடந்தாலும் இதைத் தடுத்திருக்காது. விரைவு இங்கே திருடனுக்கே உதவி.

ரைப், ஏப்னிக் போன்ற பதிவகங்கள் முகவரிகளை ஒதுக்குபவை. ஒரு தொகுதி யாருடையது என்று அவற்றுக்குத் தெரியும். உரியவர் அன்றி வேறொருவர் அதற்கு வழிப் பதிவு எழுத முடியாதபடி அவற்றால் தடுக்க இயலும். ஆர்ஏடிபியும் ஆல்ட்டிபியும் முகவரிகளை ஒதுக்குவதில்லை. அவற்றால் அதிகபட்சம் எழுதுபவர் யார் என்று உறுதிசெய்யலாம். எழுத உரிமை உண்டா என்று தாமாக அறிய முடியாது. பிரதி வழங்கியில் இரண்டு வகைப் பதிவுகளும் ஒரே வடிவில் அருகருகே நிற்கின்றன. வேறுபாடு பதிவின் கடைசியில் உள்ள, எந்தப் பதிவேடு என்று சொல்லும் ஒற்றை வரி மட்டுமே. கேட்பவர் அதைக் குறிப்பிடாவிட்டால் எல்லாம் கலந்து வரும். சார்பதிவாளர் அலுவலகப் பத்திரமும் தேநீர்க்கடையில் எழுதிய துண்டுச் சீட்டும் ஒரே கோப்பில் தைக்கப்பட்டிருக்கின்றன.

குழுப் பெயர்களிலும் இதே தொல்லை. ஒரு பதிவேட்டில் ஒரு நிறுவனம் வைத்த குழுப் பெயரை வேறொரு பதிவேட்டில் வேறொருவர் வைக்கலாம். கருவி எந்தப் பதிவேட்டை முதலில் பார்க்கிறதோ அதுவே விடை. ரைப் இப்போது புதிய குழுப் பெயர்களில் உரியவரின் ஏஎஸ் எண் முன்னால் வர வேண்டும் என்று விதித்துள்ளது. நல்ல விதி, பழைய பெயர்களுக்கு அது பொருந்தாது.

ரைப் 2018இல் தன் பகுதிக்கு வெளியே உள்ள முகவரிகளுக்கு எழுதப்பட்டிருந்த பதிவுகளைப் பிரித்துத் தனிப் பெயரில் வைத்தது. ஆரின் உறுதிசெய்யப்படாத பதிவுகளின் தொகுப்பை 2022 ஏப்ரலில் அடியோடு நிறுத்தியது. பிரதிகளில் இருந்தும் அவை மறைந்தன. அவற்றை நம்பியிருந்த வலையமைப்புகள் வேறிடத்தில் மீண்டும் பதிய வேண்டியிருந்தது. இதனைக் கடுமை என்று சிலர் குறை கூறினர். முன்னறிவிப்போடு செய்யப்பட்ட இந்த நீக்கம், யாரும் அறியாமல் ஆண்டுக்கணக்கில் அழுகிக் கிடப்பதைவிட மேல் என்றே நான் கருதுகிறேன்.

== கைவிடப்பட்ட திட்டம் ==

இக்குறைகளை முன்னோர் அறியாமல் இல்லை. 1999 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 2725, வழிப் பதிவு எழுத முகவரியின் உரிமையாளரும் ஏஎஸ் எண்ணின் உரிமையாளரும் இசைய வேண்டும் என்ற அதிகார அடுக்கை வரைந்தது. 2000 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 2769, பதிவேடுகளுக்கிடையே கையொப்பத்தோடு மாற்றங்களைப் பரப்பும் விரிவான முறையை முன்வைத்தது. ஒரு மாற்றத்தை யார் கேட்டார், எந்தப் பதிவேடு ஏற்றது என்பது மாற்றத்தோடு சேர்ந்து பயணிக்கும். பிரதி எடுப்பவர் தாமே சரிபார்க்கலாம். இன்று நாம் தேடும் விடைகளில் பாதி அந்த ஆவணங்களில் உள்ளது.

முதலாவதன் சில பகுதிகள் பதிவகங்களில் இடம்பெற்றன. இரண்டாவது ஏட்டளவில் நின்றது. காரணம் தேடினால் தொழில்நுட்பத்தைவிடப் பொருளியலே கிடைக்கிறது. அத்திட்டம் பயன் தர வேண்டுமானால் எல்லாப் பதிவேடுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மாற வேண்டும். மாறுபவருக்குச் செலவு, பயன் பிறருக்கு. இலவசமாக நடத்தப்படும் பதிவேட்டிடம் யார் எப்படிக் கேட்பது? இதற்கிடையே, என்ஆர்டிஎம் குறைகளோடு இருந்தாலும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆயினும் அத்திட்டத்தை எழுதியவர்களையும் சற்றுக் குறை கூற வேண்டும். அதிகாரம், கையொப்பம், பரப்புதல், முரண் தீர்த்தல் அனைத்தையும் ஒரே கட்டாகக் கொடுத்தார்கள். கையொப்பமிட்ட நகலை மட்டும் முதலில் தந்திருந்தால், இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதுவேனும் நிலைத்திருக்கக்கூடும்.

== நான்காம் பதிப்பு ==

என்ஆர்டிஎம் நான்காம் பதிப்பு அந்தப் பாடத்தைக் கற்றிருக்கிறது. இணையப் பொறியியல் பணிக்குழுவின் குரோ செயற்குழுவில் உருவான இது, கேள்வி பதில் முறையையே கைவிடுகிறது. அசல் பதிவேடு மூன்று வகைக் கோப்புகளைச் சாதாரண வலை வழங்கியில் வைக்கிறது: முழு நகல், மாற்றக் கோப்புகள், இவற்றின் பட்டியலைச் சொல்லும் அறிவிப்புக் கோப்பு. அறிவிப்பில் கையொப்பம் உண்டு. அதில் ஒவ்வொரு கோப்பின் சுருக்கக் குறியீடும் இருப்பதால், ஓர் எழுத்து மாறினாலும் தெரிந்துவிடும். தொடர் அடையாளம் ஒன்றும் உண்டு. அசல் புதிதாக எழுப்பப்பட்டால் அது மாறும். பிரதிகள் தாமாகவே முழு நகலில் இருந்து மீண்டும் தொடங்கும். மாற்றக் கோப்புகளின் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இடைவெளி என்றால் பிழை. பிந்திவிட்டவர் கையால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் அறிவிப்புக் கோப்பு புதுப்பிக்கப்படுவதால், "செய்தி இல்லை" என்பதற்கும் "தொடர்பு அறுந்தது" என்பதற்கும் வேறுபாடு தெரிகிறது. ரைப் இதனைச் செயல்படுத்தியுள்ளது. பல பதிவேடுகள் பயன்படுத்தும் ஐஆர்ஆர்டி மென்பொருளும் ஏற்றுள்ளது.

மேலே நான் எண்ணிய நான்கு குறைகளுக்கும் இதில் விடை உண்டு. மேலும், கோப்புகள் வலைப்பக்கம் போலவே இடைத்தேக்கிகளில் தங்கக்கூடியவை. நூறு பேர் பிரதியெடுத்தாலும் அசலுக்குச் சுமை ஏறாது. அதிகாரத்தைப் பற்றி இப்பதிப்பு எதுவும் சொல்வதில்லை, வேண்டுமென்றே சொல்வதில்லை. பொய்ப் பதிவு இனிக் கையொப்பமிட்ட கோப்பில் பழுதின்றி வந்து சேரும். "கையொப்பம் உள்ளது" என்பதை "உண்மை" என்று படிக்கும் பழக்கம் மாணவர்களிடம் மட்டுமன்றிப் பொறியாளர்களிடமும் உண்டு. கையொப்பம் சொல்வது இது அந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது என்பதை மட்டுமே.

== பிரதி அசலிலிருந்து விலகும்போது ==

உரிமையைச் சரிபார்க்கும் வேலை வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. ஆர்பிகேஐ என்ற முறையில், முகவரியை ஒதுக்கிய பதிவகத்தின் சான்றிதழ் வழியாக உரிமையாளர் "என் தொகுதியை இந்த எண் அறிவிக்கலாம்" என்று கையொப்பமிடுகிறார். 2024 மே மாதத்தில், அறிவிக்கப்படும் ஐபிவி4 வழிகளில் பாதிக்கு மேல் இத்தகைய சான்று பெற்றுவிட்டன. இனிப் பழைய பதிவேடுகள் எதற்கு என்று கேட்போர் உண்டு. ஆனால் ஆர்பிகேஐ சொல்வது தொகுதிக்கும் மூல எண்ணுக்கும் உள்ள உறவை மட்டும். யார் யாருடைய வாடிக்கையாளர் என்ற குழுப் பட்டியல் இன்னும் பழைய பதிவேடுகளில்தான் உள்ளது. செலர் நிகழ்வில் தாக்கியவர்கள் வழியின் முடிவில் அமேசானின் எண்ணையே ஒட்டினர் என்பதை நினைவில் கொள்க. மூல எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது சரியாகவே தெரிந்திருக்கும்.

ஐஆர்ஆர்டி நான்காம் பதிப்பு இரண்டையும் இணைக்கிறது. ஆர்பிகேஐ சான்றோடு முரண்படும் வழிப் பதிவுகளைப் பிரதி வழங்கி மறைத்துவிடும். கேட்பவருக்கு அவை காட்டப்படா. உடனடிப் பயன் தரும் ஏற்பாடு இது. கிடந்த குப்பையில் கணிசமானது இதனால் பார்வையிலிருந்து அகன்றது. ஆனால் விளைவைக் கவனியுங்கள். ஒரே பதிவேட்டின் இரண்டு பிரதிகள், ஒன்று இந்த வசதியோடும் மற்றது இல்லாமலும் இயங்கினால், ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை சொல்லும். இரண்டும் அசலோடு முழுமையாக ஒத்திசைந்தவையே. அசல் பதிவேட்டில் தம் பதிவைக் காணும் ஒருவர், தொலைவில் உள்ள வழங்கியில் அது ஏன் இல்லை என்று குழம்புவார். ரைப் தனிநபர் விவரங்களை நீக்கிய நகலையே வெளியே தருகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அசலும் பிரதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற பழைய இலக்கே கைவிடப்பட்டுவிட்டது எனலாம்.

இதில் எனக்குத் தயக்கம் இருந்தாலும் எதிர்ப்பு இல்லை. பிரதி தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால், எதை ஏன் மறைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். மறைக்கப்பட்ட பதிவைப் பற்றிக் கேட்பவருக்கு "இல்லை" என்ற விடையும் "உண்டு, ஆனால் முரண்பட்டதால் காட்டவில்லை" என்ற விடையும் ஒன்றல்ல. முதல் விடையைக் கேட்டவர் மீண்டும் பதிவு செய்ய முயல்வார்; இரண்டாவதைக் கேட்டவர் தம் சான்றைத் திருத்துவார்.

நான்காம் பதிப்பிலும் ஒரு சிறு இடம் பழைய காலத்திலேயே நிற்கிறது. கையொப்பத்தைச் சரிபார்க்கப் பதிவேட்டின் பொதுச் சாவி வேண்டும். அடுத்து வரும் சாவியை அறிவிப்புக் கோப்பே முன்கூட்டிச் சொல்லிவிடும். முதல் சாவியைப் பிரதி எடுப்பவர் வேறு வழியில் பெற்று, தம் அமைப்புக் கோப்பில் கையால் எழுத வேண்டும். ஒரு மின்னஞ்சல், அல்லது ஒரு வலைப்பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டிய வரி: ஐந்து பதிவேடுகள் இருந்த காலத்தில் ஒருவர் மற்றவருக்கு வழங்கியின் முகவரியைச் சொன்னதும் ஏறத்தாழ அப்படித்தான்.